என் பெயரில் அவள் எண்

என் அடையாள அட்டை தொலைந்து போகவே இல்லை. நான்தான் அதை ஒரு காகிதத்தில் மடித்து, அரிசி வாளிக்குள், அரிசிக்கு அடியில் புதைத்து வைத்தேன். ஒரு பெண் அதைத் தேடி என் வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நானும் அவளோடு சேர்ந்து தேடினேன். "ஐயோ, எங்க வச்சேன்னு தெரியலயே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டே தேடினேன்.

எதற்காக? அவளுடைய கைப்பேசி எண் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறிவிடக் கூடாது என்பதற்காக!

சிரிப்பு வருகிறதா? சிரித்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதற்கு எனக்கு உங்களைத் தவிர வேறு ஆளில்லை. சொல்ல வேண்டியவளிடம் சொல்லும் துணிவும் எனக்கு இல்லை...

நான் சரோஜா. ஜொகூரில், தெப்ராவ் பக்கம், லிஃப்ட் இல்லாத அடுக்குமாடி ஒன்றில் மேல்மாடி வீடு. பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டேன். மிச்சப் படிப்பெல்லாம் பாசிர் கூடாங் தொழிற்சாலைப் பேருந்தில்தான். எங்கள் பேருந்து ஓட்டிய மணியம் அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொல்வார்: "சரோஜா ஏறினா வண்டிக்கு ரேடியோ வேணாம், சரோஜா இறங்கினா வண்டியில பெட்ரோலே இல்லாத மாதிரி இருக்கு." என் லைனில் நின்ற மலாய்க்கார அக்கா, நான் காய்ச்சலில் லீவு போட்டுத் திரும்பி வந்த அன்று, "நீ இல்லாம மெஷின் சத்தம் ரொம்பப் பெருசா கேட்டுச்சு" என்றாள். இப்படி மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் என் பழக்கம். மற்றவர்கள் நகை சேர்ப்பார்கள். நான் இதைச் சேர்த்தேன்.

பேச ஆள் இருக்கும் வரை எதுவும் தெரியவில்லை. கணவர் இறந்தார். பிள்ளை இல்லை. பிறகு தொழிற்சாலையும் என்னை ஒரு கேக் வெட்டி வீட்டுக்கு அனுப்பியது. அன்றிலிருந்து காலையில் நான் பேசும் முதல் சொல், பெரும்பாலும், சமையலறைக் குழாயிடம்தான். "ஏன் ஒழுகற?" என்று கேட்பேன்.

அப்போதுதான் பரிமளா வந்தாள்.

அறை வாடகைக்குக் கேட்டு வந்தவள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் தையல் இயந்திரத்தின் தலை. நான்கு மாடி ஏறி வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டே முதலில் சொன்னது இது: "அக்கா, மொதல்லயே சொல்லிடறேன், எனக்கு ஐசி இல்ல. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. இந்த மெஷின இறக்கி வச்சா மறுபடி தூக்க முடியாது."

நான் சிரித்துவிட்டேன். "இறக்கி வை" என்றேன்.

அடையாள அட்டையைத்தான் நாங்கள் ஐசி என்போம். அது இல்லாத ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். பரிமளா காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், வீட்டிலேயே பிறந்தவள். அவள் பிறப்பை யாரும் போய்ப் பதியவில்லை. அப்பா எங்கோ போய்விட்டார், அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டாள். பள்ளிக்கூடம் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, கிளினிக்குக்குப் போனாலும் பயம். "நான் பொறந்ததுக்கு நான் ஒருத்திதான் சாட்சி. என்னையே நம்ப மாட்டேங்கறாங்க!" என்பாள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

ரவிக்கை தைப்பதில் அவள் கெட்டிக்காரி. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு பெண்ணைச் சுற்றி ஒருமுறை நடந்தால் போதும். வாடிக்கை சேர்ந்தது. வாடிக்கை சேர்ந்ததும் கைப்பேசி வேண்டும் என்றாயிற்று. எண் வாங்க ஐசி வேண்டுமே! நானே கடைக்குப் போய் என் ஐசியைக் கொடுத்து, என் பெயரில் ஒரு எண் வாங்கினேன்.

பெயர் என்னுடையது, எண் அவளுடையது. அன்று அவள் அந்தச் சின்ன சிம் அட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அக்கா, இந்த உலகத்துல எனக்குன்னு நம்பர் போட்டுக் குடுத்தது இதுதான் மொத தடவ" என்றாள்.

இதை மட்டும் நான் பொறுக்காமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்றும் காதுக்குள் கிடக்கிறது.

என் ஐசியை அவள் அடிக்கடி கேட்டு வாங்கிப் பார்ப்பாள். அதில் என் படம் மகா மோசம். கண்ணை உருட்டிக்கொண்டு, பொட்டு இடப்பக்கம் ஒதுங்கிப் போய், ஏதோ களவாடிவிட்டுப் பிடிபட்டவள் மாதிரி இருப்பேன். "என்னாக்கா, பொட்டு தனியா வாக்கிங் போயிருச்சு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். ஒவ்வொரு முறையும் இருவரும் சிரிப்போம். சிரித்து முடித்ததும் அதைப் பாவாடையில் துடைத்து, இரு கையாலும் திருப்பிக் கொடுப்பாள்.

அந்த ஆண்டுதான் அவள் ஐசிக்கு மனுப் போட்டாள். கோயிலில் பழக்கமான ஒருவர் உதவினார். சாட்சிகள், பழைய தோட்டத்துக் கடிதம் என்று எதையெதையோ தேடிச் சேர்த்தார்கள். தொடர்பு எண் என்று கேட்ட இடத்தில் அந்த எண்ணைக் கொடுத்தாள். "நேர்காணலுக்கு இந்த எண்ணில்தான் கூப்பிடுவோம். எண்ணை மாற்றிவிடாதே" என்று பதிவு அலுவலகக் கவுண்டரில் இருந்த அம்மாள் சொல்லியனுப்பினார். அவர் நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். பரிமளா அதை நேர்த்திக்கடன் போலப் பிடித்துக்கொண்டாள். குளிக்கப் போனால்கூடக் கைப்பேசியைக் கதவுக்கு வெளியே முக்காலியில் வைத்து, "அக்கா, பாத்துக்குங்க" என்பாள். நானும் பார்த்துக்கொள்வேன்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். கோயிலில் தாலி கட்டினார். ஐசி இல்லாததால் பதிவு செய்ய முடியவில்லை. நான்தான் அக்கா முறையில் நின்று எல்லாம் செய்தேன். அவள் பிறந்த அதே காஹாங் பக்கமே குடிபோனாள். தையல் இயந்திரத்தின் தலையை அவர் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினாள்.

கதவைச் சாத்தினேன். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அன்று அதனிடம்கூடப் பேசவில்லை.

காஹாங்கில் அவர்கள் இருந்த தோட்ட வீட்டில் அந்தக் கம்பெனியின் லைன் கிடைக்கவில்லை. சாலை முனைவரை நடந்து, ஒரு மளிகைக் கடை ஓரம் நின்றால்தான் கைப்பேசியில் இரண்டு கோடு தெரியும். வேறொரு கம்பெனியின் கோபுரம் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்தக் கம்பெனிக்கு மாறிவிட்டால் வீட்டுக்குள்ளேயே பேசலாம். எண்ணும் மாறாது. இப்போதுதான் அந்த வசதி இருக்கிறதே! பழைய எண்ணோடு புதுக் கம்பெனிக்குப் போகலாம். ஒரே ஒரு நிபந்தனை: எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தம் ஐசியோடு கடைக்கு வரவேண்டும்.

அதாவது, நான்.

"அக்கா, ஞாயித்துக்கெழம வரேன். ரெண்டு பேரும் கடைக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று சாலை முனையிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் லாரிகள் போகும் சத்தம் கேட்டது.

வந்தாள். குளுவாங் வந்து, பேருந்து மாறி, ஐசி இல்லாத ஆள் என்பதால் வழியில் யாராவது சோதிப்பார்களோ என்று பயந்துகொண்டே வந்தாள். இருவரும் கடைக்குப் போனோம். நம்புங்கள், அந்த முதல் ஞாயிறு நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. கடைக்காரப் பையன்தான் உதட்டைப் பிதுக்கினான். "சிஸ்டம் டவுன்லா ஆன்ட்டி. வேற நாள் வாங்க."

வேறு நாள்! அந்த இரண்டு சொற்களும் என்னைக் கெடுத்தன.

அவள் என்னோடு வீட்டுக்கு வந்தாள். மீன் வாங்கி வந்தோம். அவள் தேங்காய் துருவினாள், நான் புளி கரைத்தேன். சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே பாயில் படுத்துக்கொண்டு, பேசிப் பேசி, சிரித்துச் சிரித்து... மாலைப் பேருந்துக்கு ஓடினாள். "அடுத்த வாரமும் வரேன்கா" என்று படியிலிருந்து கத்தினாள்.

அடுத்த வாரமும் வருவாள்! அந்த வாரம் முழுதும் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? சுவரைத் துடைத்தேன். குழாய்க்குப் புது வாஷர் போட்டேன்.

அடுத்த ஞாயிறு வந்தவளைச் சாப்பாட்டில் அமுக்கினேன். "மொதல்ல சாப்பிடு, கடை எங்க ஓடிடப் போவுது?" இறால் செய்திருந்தேன், பாயசம் வைத்திருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. "அலமாக்! லேட்டாயிருச்சே" என்று நான்தான் முதலில் சொன்னேன். என் குரலில் வருத்தம் இருந்ததா? அவள் முகத்தில் இருந்தது. என் குரலில்... இல்லை. நான் என் குரலையே கேட்டேன். இல்லை.

"பரவால்லக்கா. அடுத்த வாரம் மொத வேலையா இதுதான்" என்றாள்.

மொத வேலையாக! அப்படியானால் அடுத்த வாரம் வேலை முடிந்துவிடும். முடிந்துவிட்டால் அவள் எதற்கு வருவாள்? தையல் இருக்கிறது, புருஷன் இருக்கிறார், வழியெல்லாம் பயம் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காக இந்த நான்கு மாடியை ஏறுவாள்?

அந்தக் கேள்வியோடுதான் நான் அரிசி வாளியைத் திறந்தேன்.

நீங்கள் கேட்கலாம்: சும்மா வா என்று கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டாளா? வந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. என்னை வேண்டித் தேடி ஒருத்தி வரவேண்டும் என்றால் என்னிடம் அவளுக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்கவேண்டும் என்று நினைத்தேன். என்னிடம் இருந்தது ஒரு பெயர்தான். அதைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "அந்தச் சிம்மை என்னிடம் விட்டுப் போ. இங்கே லைன் நன்றாக இருக்கிறது. கூப்பிட்டால் நான் எடுத்துப் பேசி உனக்குச் சொல்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எவ்வளவு சுலபமான வழி! எனக்குத் தோன்றாமல் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது. ஊர் முழுவதற்கும் ரேடியோவாக இருந்தவள், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விழுங்கினேன்.

மூன்றாம் ஞாயிறு. "பரி, என் ஐசியக் காணோம்" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. என்னுடைய ஐசி, என்னுடைய பெயர்; வெளுத்தது அவள் முகம்! இனிக் கம்பெனி மாற்ற முடியாதே என்ற கவலை என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"ஐயோ அக்கா! ஐசி இல்லாம எப்படி இருப்பீங்க? ஒங்களுக்குத் தெரியாதுக்கா, அது இல்லாத பொழப்பு. ரோட்ல எதுக்க போலீஸ் சட்டை போட்ட ஒருத்தன் வந்தாக்கூட நெஞ்சு அடிக்கும். நம்பர விடுங்க. மொதல்ல ஐசியத் தேடலாம்."

தேடினாள். அலமாரியை நகர்த்தினாள். மெத்தையைத் தூக்கினாள். கணவர் படத்துக்குப் பின்னால் பார்த்தாள். குப்பைக் கூடையைச் செய்தித்தாளில் கொட்டிக் கையால் கிளறினாள். சாமி படத்துக்கு முன்னால் நின்று, "முருகா, அக்காவுக்குக் கண்ணுல காட்டு" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். அரிசி வாளியை நகர்த்தி அதன் அடியில் பார்த்தாள். மறுபடி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

நான் அப்போது சொல்லியிருக்கலாம். "இதோ, இங்கே இருக்கு" என்று சும்மா கண்டுபிடித்ததாகக்கூட நடித்திருக்கலாம். மூடியைத் திறக்க வேண்டியதுதான். திறக்கவில்லை... அவள் என் வீட்டில் என் பொருளுக்காக ஓடியாடித் தேடுவது எனக்கு — எப்படிச் சொல்வேன்? — சுகமாக இருந்தது. எனக்காக யாரும் எதையும் தேடி வெகுகாலம் ஆகியிருந்தது.

கிடைக்கவில்லை. வேர்த்துப்போய் நின்றவள், "வாங்க போலீஸ்ல சொல்லிடலாம். எவனாச்சும் எடுத்து ஒங்க பேர்ல ஏதும் செஞ்சிருவான்" என்றாள்.

"நான் அப்புறம் போறேன்லா."

"அப்புறம்னா நீங்க போவ மாட்டீங்க. எனக்குத் தெரியாதா ஒங்கள? வாங்க, நானும் வரேன்."

போலீஸ் நிலையத்துக்கு! தன்னை யார் என்று நிரூபிக்க ஒரு துண்டு அட்டைகூட இல்லாதவள், பிடித்தால் எங்கே கொண்டு போவார்கள் என்று பேருந்தில்கூடக் குனிந்தே உட்காருகிறவள், எனக்காகப் போலீஸ் நிலையம் வரை வந்தாள். வாசலுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு தேநீர்க் கடையில் நின்றுகொண்டாள். "உள்ள வர முடியாது. இங்கயே நிக்கறேன். பயப்படாமப் போங்க" என்றாள். அவள் எனக்குத் தைரியம் சொன்னாள்!

நான் உள்ளே போனேன். நீள்பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் படித்தேன். "என்னா விஷயம், ஆன்ட்டி?" என்று மலாயில் கேட்ட இளம் போலீஸ்காரரிடம், "தண்ணி குடிக்கலாமா?" என்றேன். குடித்தேன். அங்கிருந்து சன்னல் வழியாகப் பரிமளாவைப் பார்க்க முடிந்தது. வெயிலில், தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு போலீஸ் மோட்டார் சைக்கிள் உள்ளே நுழையும்போதும் கடைக்குள் ஓர் அடி பின்வாங்கி, மறுபடி எட்டிப் பார்த்துக்கொண்டு...

வெளியே வந்தேன். "ஆச்சு, சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் முகம் பூரித்தது. "அப்பாடா! புது ஐசிக்குப் புதுசா படம் எடுப்பாங்க இல்ல? எடுக்கப் போறப்ப சொல்லுங்க. நான் வந்து நடு நெத்தியில பொட்டு வச்சு விடறேன். இந்தத் தடவ வாக்கிங் போகவே விட மாட்டேன்" என்றாள்.

அதன் பிறகும் வந்தாள். நான் நினைத்தது எவ்வளவு தப்பு, பாருங்கள்! எண்ணுக்காக வரவில்லை. "புது ஐசி வர நாளாகும்" என்று நான் சொல்லிவிட்டிருந்தேன். ஐசி இல்லாமல் நான் தனியாகப் பயந்துகொண்டிருப்பேன் என்று வந்தாள். மரவள்ளிக் கிழங்கு, வாழைப்பூ, ஒருமுறை பெத்தாய்க் காய் என்று கொண்டு வந்தாள். வெளியே எப்படி நடக்கவேண்டும், எந்தப் பக்கம் போகக் கூடாது என்றெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். தன் வாழ்நாள் அனுபவம் அத்தனையையும் எனக்குக் கொடுத்தாள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

மகிழ்ச்சியாக இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். அந்த ஞாயிறுகளில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன்.

ஒருநாள் வேலை நாளில் வந்தாள். ஞாயிறு அல்லாத நாளில் அவள் தட்டும் சத்தம் வேறு மாதிரி இருந்தது. கதவைத் திறந்ததும் உள்ளே வந்து, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கூப்பிட்டாங்களாம்கா."

யார் என்று நான் கேட்கவில்லை.

"நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்காங்க. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாங்களாம். கெடைக்கவே இல்லையாம். ஒருநா சாலை முனைக்கு வந்தப்ப தெரியாத நம்பர்லருந்து மிஸ் கோல் இருந்துச்சு. திருப்பிக் கூப்பிட்டேன். மெஷின்தான் பேசுச்சு, அதை அமுக்கு இதை அமுக்குன்னு. எனக்குப் புரியல. இன்னிக்கு நேர்லயே போய்க் கேட்டுட்டு வரேன். அந்த நாள் போயிருச்சாம். மொதல்லருந்து மனுப் போடணுமாம்."

அவள் அழவில்லை. அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "சாட்சி சொன்ன தாத்தாவும் செத்துட்டாரு" என்று தனக்குத்தானே சொன்னாள்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் எப்படி நின்றுகொண்டிருந்தேனோ, பயந்துபோய் எழுந்து வந்தாள். "ஐயோ, நீங்க ஏன்கா இப்படி ஆவறீங்க? ஒங்க மேல தப்பே இல்ல. ஐசி தொலஞ்சா நீங்க என்னா செய்வீங்க? அது யாருக்கும் நடக்கறதுதானே."

அந்த மன்னிப்பை எங்கே வைப்பது? சொல்லுங்கள். நான் செய்யாத ஒன்றுக்கு அவள் என்னை மன்னித்தாள். செய்தது அடுப்புக்குப் பக்கத்தில் மூடி போட்டு இருந்தது... இல்லை, அதுகூடப் பொய். சில நாட்களுக்கு முன்புதான் மருந்து வாங்க வேண்டுமென்று ஐசியை எடுத்து என் பணப்பைக்குள் வைத்திருந்தேன்.

எனக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்தேன், சுவர் நழுவியது. கண் விழித்தபோது அவள் மடியில் என் தலை இருந்தது. கீழ்வீட்டுக்காரரின் காரில் என்னைத் தூக்கிப் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டு போனாள்.

அங்கே கவுண்டரில் இருந்த பெண் நிமிராமலே, "ஐசி?" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு இந்த நாட்டில் யார் கையும் தானாகப் பணப்பைக்குள் போகும். என் கையும் போனது. யோசிக்கவே இல்லை. எடுத்து நீட்டினேன். நடுவில் நின்ற பரிமளா வாங்கிக்கொண்டாள்.

வாங்கியவள் பார்த்தாள்.

அதே படம். உருட்டிய கண். ஒதுங்கிய பொட்டு. ஓரத்தில் அரிசி மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதை அவள் பெருவிரலால் மெதுவாகத் துடைத்தாள்.

"பொட்டு இன்னும் அங்கயேதான் இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. கேள்வியாகவும் சொல்லவில்லை. கவுண்டர் பெண்ணிடம் இரு கையாலும் நீட்டினாள்.

மருத்துவர் பார்த்தார். இரத்த அழுத்தம் என்றார். பரிமளா என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தாள், நான்கு மாடியும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. கஞ்சி வைத்தாள். அரிசி அள்ள வாளியைத் திறந்த சத்தம் படுக்கையில் எனக்குக் கேட்டது. மூடிய சத்தம் கேட்கச் சற்று நேரம் ஆனது.

கஞ்சியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் தன் கைப்பேசியின் பக்கத்தைக் குத்தினாள். சிம் அட்டை வெளியே வந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கி மூடினாள்.

"இது ஒங்க பேர்ல இருக்கறதுதானே அக்கா. ஒங்ககிட்டயே இருக்கட்டும். அவரு பேர்ல வேற வாங்கிக்கறேன்."

"பரி..." என்றேன்.

"கஞ்சி ஆறிடும். குடிங்க" என்றாள். போனாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. புது எண்ணை எனக்கு அனுப்பவில்லை. மறந்துவிட்டாளா? தெரிந்துகொண்டாளா? பழைய படத்தையே புது அட்டையில் போட்டுவிட்டார்கள் என்று நம்பியிருப்பாளா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெருவிரல்... அது எல்லாம் தெரிந்த விரல்.

உடம்பு தேறியதும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? அந்தக் கடைக்குப் போனேன். அதே பையன். ஐசியைக் கொடுத்தேன். எண் மாறவேண்டாம், கம்பெனி மட்டும் மாறட்டும் என்றேன். "மெசேஜ் வரும் ஆன்ட்டி, யெஸ்னு பதில் போடுங்க, அவ்ளோதான்" என்றான். வந்தது. போட்டேன். நான் கேட்காமலே, "சும்மா சின்ன வேலைதானே ஆன்ட்டி. இதுக்கா இவ்ளோ நாள் யோசிச்சீங்க?" என்று சிரித்தான்.

இப்போது அந்த எண் காஹாங் தோட்டத்து வீட்டுக்குள்கூட நன்றாகக் கேட்கும். ஆனால் அது தெப்ராவில், என் சமையலறை மேடையில் கிடக்கிறது.

அடிக்கடி ஒலிக்கிறது. நான் ஏங்கிய மனிதக் குரல்களெல்லாம் இப்போது அதில் வருகின்றன! "பரிமளாவா? தீபாவளிக்கு ரெண்டு பிளவுஸ்." "பரிக்கா, கை கொஞ்சம் டைட்டா இருக்கு." அவள் இங்கே இல்லை என்கிறேன். "நீங்க யாரு?" என்று கேட்கிறார்கள். வைத்துவிடுகிறேன்.

காஹாங் ஒன்றும் தூரதேசம் இல்லை. ஒருமுறை குளுவாங் வரை போனேன். காஹாங் பேருந்து நின்றது. ஏறினால் போய்விடலாம். ஏறவில்லை. அவள் கதவைத் திறந்து, "வாங்கக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கேட்காமல் இருந்துவிடுவாளோ என்றும்...

உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் பரிமளா அல்ல.

இருந்தும் அந்த எண்ணை நான் உயிரோடு வைத்திருக்கிறேன். அவள் புது மனுவில் புது எண் இருக்கும், தெரியும். ஆனாலும் பழைய கோப்பைப் புரட்டும் யாராவது, ஏதாவது ஒரு நாள், தவறியாவது இந்த எண்ணைக் கூப்பிட மாட்டார்களா? அதற்காக மலாயில் சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன். குழாயடியில் நின்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன். பரிமளா காஹாங்கில் இருக்கிறாள். நானே போய்க் கூட்டி வருகிறேன். சாயா காக்கா டியா, நான் அவள் அக்கா.

தடுமாறாமல் சொல்ல வருகிறது. அந்தக் கடைசி வாக்கியத்தில் மட்டும் நின்றுவிடுகிறேன்.

அவர்கள் அடுத்து என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பார்கள்.

என் பெயரில்தான்.